மடிப்பு இல்லாத பாவாடை

எனக்கு ஆறேழு வயது இருக்கும்போது, நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து என்னைப் பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். வேறு தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று போன அப்பா போனவர்தான். பிள்ளைக் கொட்டகை ஆயா கொஞ்ச காலம் சோறு போட்டாள், பிறகு அவளுக்கும் அலுத்துவிட்டது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், கொட்டகை நிறையப் பிள்ளைகள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சொந்த வேலையாகப் பட்டணம் வந்தபோது ஒரு கையில் கோழி, இன்னொரு கையில் நான் என்று ரயில் ஏறி, ஃபெரி ஏறி, ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தின் வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போனார். அந்தக் கோழி யாருக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தமிழ்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து நடத்திய இல்லம் அது. அவர்களுக்குப் பெரிய மனசு, இருந்ததோ சின்ன வீடு. பாய்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். யாருடைய கால் யாருடைய வயிற்றில் என்று காலையில்தான் தெரியும். அதனால் நல்ல குடும்பங்களாகப் பார்த்துப் பிள்ளைகளை வளர்க்கக் கொடுப்பார்கள். கொடுத்ததோடு கைகழுவிவிட மாட்டார்கள். சில மாதங்களுக்கு ஒரு தடவை ஆள் போய்ப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்த்து வரவேண்டும். நல்ல ஏற்பாடுதான். எனக்கு நடந்ததற்குப் பிறகும் அதை நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்வேன்.

அப்படிப் பார்க்கப் போகிறவர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து விலகியவர். தாதிகளை இங்கே மிஸ்ஸி என்பார்கள். வேலையை விட்டு வெகுநாள் ஆகியும் அவர் மிஸ்ஸிதான். எல்லாப் பிள்ளைகளையும் ‘பாப்பா’ என்றே கூப்பிடுவார், பெயர்களெல்லாம் அவர் கைநோட்டில் இருக்கும், அத்தனையையும் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது! வீட்டுக்கு வந்தால் முதல் காரியமாகப் பெரியவர்களை உள்ளே அனுப்பிவிடுவார். பிறகு பிள்ளையை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார். கை காய்த்திருந்தால் வேலைக்காரியாக வைத்திருக்கிறார்கள். முதுகில் தழும்பு இருந்தால் அடிக்கிறார்கள். தலையில் பேன் இருந்தால், பிள்ளையை மடியில் போட்டுப் பார்க்க ஆள் இல்லை. கடைசியில், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். இந்த நான்கையும் வைத்து அவர் எத்தனையோ பிள்ளைகளை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

என்னைக் கேட்டு வந்தது குயின் ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த தம்பதி. அந்த ஐயா துறைமுகக் கிடங்கில் கிராணி, அதிர்ந்து பேசாத மனிதர். அந்த அம்மாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு, குளிர்ந்த கை. என்னை வாங்கிக்கொண்ட அன்று என் பெயரைச் சொல்லித்தான் இல்லத்தார் அவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். வீட்டு வாசற்படி ஏறியதும், “வா கண்ணு, வந்துட்டியா?” என்றார். முதல் தடவை வருகிற பிள்ளையை யாராவது அப்படிக் கேட்பார்களா? எனக்கு அப்போது அது வித்தியாசமாகப் படவில்லை. என்னை யாருமே வா என்று கூப்பிடாமல் அவ்வளவு நாள் கழிந்திருந்தது.

வெந்நீர் வைத்து, மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டினார். பரணில் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. அதை இறக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளேயிருந்து பச்சைப் பட்டுப் பாவாடை ஒன்றை எடுத்து எனக்குக் கட்டினார். தரையில் இழுபட்டது. இடுப்பில் இரண்டு சுற்றுச் சுருட்டிச் செருகிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நடு முற்றத்துத் திறப்பு வழியாக வெயில் விழுந்து, அந்தப் பாவாடையிலிருந்து கற்பூர வாசனை எழும்பியது. என் வாழ்க்கையில் நான் தொட்ட முதல் பட்டு அதுதான்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெற்குச் சீமைக் குடும்பங்கள் சிலவற்றில், வயசுக்கு வருமுன் இறந்துபோன பெண் பிள்ளையைக் கன்னி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவார்கள். அவளுக்கென்று ஓர் ஓலைப்பெட்டி இருக்கும். அதில் ஒரு பாவாடை, கண்ணாடி வளையல், சின்ன முகக்கண்ணாடி, மஞ்சள் எல்லாம் இருக்கும். தை மாதத்து வெள்ளி ஒன்றில் புதுப் பாவாடையை உள்ளே வைத்துவிட்டு, போன வருடத்ததை எடுத்துச் சொந்தத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்கு உடுத்திவிடுவார்கள். அவளை உட்கார வைத்துச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டுவார்கள். அந்த ஒரு வேளைக்கு அவள்தான் கன்னி. மறுநாள் அவள் பாட்டுக்குப் புழுதியில் விளையாடப் போய்விடுவாள்.

ஊரில் அதற்குப் பத்து வீட்டுப் பிள்ளைகள் இருக்கும். ஒரு வருடம் சித்தப்பா மகள், மறு வருடம் மாமா மகள் என்று அந்த இடம் மாறிக்கொண்டே இருக்கும். இங்கே கடல் தாண்டி வந்த இந்த இருவருக்கும் சொந்தம் என்று யாரும் இல்லை. மகள் பத்து வயதில் காய்ச்சலில் இறந்த பிறகு, வருடா வருடம் பாவாடை எடுத்து வைத்திருக்கிறார்கள், கட்டிக்கொள்ளப் பிள்ளை கிடைக்கவில்லை. பெட்டியில் பாவாடைகள் சேர்ந்துகொண்டே போயிருக்கின்றன. பிறகுதான் அந்த அம்மா இல்லத்துக்கு வந்து ஒரு பெண் பிள்ளை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஊரில் பத்துப் பேர் ஒவ்வொரு வேளையாகச் சுமந்தது, பினாங்கில் என் ஒருத்தி தலையில் வருடம் முழுக்க இறங்கியது.

அவர் என்னை இறந்துபோன மகளின் பெயரால்தான் கூப்பிட்டார். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதிலும் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை.

அந்த வீட்டில் என்னைக் கண்ணில் வைத்துத் தாங்கினார்கள். ஒரு துரும்பை எடுத்து வைக்கவிட மாட்டார் அந்த அம்மா. மத்தியானங்களில் என்னை மடியில் சாய்த்துக்கொண்டு தலையைக் கோதியபடி பேசுவார். எல்லாம் நான் வருவதற்கு முன் நடந்தவை. “அன்னிக்கு ஃபெரில வாந்தி எடுத்தியே கண்ணு, ஞாபகம் இருக்கா?” என்பார். நான் முதலில் இல்லை என்பேன். அவர் முகம் வாடும். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஆமாம் என்று சொல்லப் பழகினேன். சொல்லச் சொல்ல, ஃபெரியின் கம்பி, எண்ணெய் நாற்றம், என் முதுகைத் தடவிய கை எல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. தோட்டத்து அம்மாவின் முகம் எப்போது மங்கியது என்று எனக்குத் தெரியாது.

ஐயாவின் சங்கதி வேறு. அவர் என்னை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. நேருக்கு நேர் பார்த்ததும் இல்லை. குறுகலான நடையில் நான் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவார், சாமி ஊர்வலத்துக்கு ஒதுங்குவதுபோல. ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா எனக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, கதவோரம் நின்று அவர் கைகூப்புவதைப் பார்த்தேன். நான் பார்த்ததும் கையைப் பிரித்துச் சட்டைப் பொத்தானைத் தடவினார்.

ஒரு நாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். “தண்ணிமலையில ஆத்துல எறங்குனப்ப என் ஒத்தைக் கொலுசு போயிருச்சேம்மா. அப்பா முட்டி வரைக்கும் எறங்கித் தேடுனாங்களே” என்றேன்.

அவர் கை நின்றுவிட்டது. “இத யாரு உனக்குச் சொன்னா?”

“யாரும் சொல்லல. எனக்கே ஞாபகம் இருக்கு.”

அவர் எழுந்து போய் முற்றத்தில் நின்று அழுதார். சந்தோஷமாக அழுதார். நான் தூங்கும்போது அவரே முணுமுணுத்திருக்கலாம், அல்லது கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து வம்பளக்கும் பெண்கள் யாராவது சொல்லி என் காதில் விழுந்திருக்கலாம். அறிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த ஆற்றுத் தண்ணீரின் சில்லிப்பு இன்றைக்கும் என் கணுக்காலில் இருக்கிறது. தண்ணீர்மலைக்கு அதற்குமுன் நான் போனதே இல்லை.

விஷயம் சந்தில் பரவியது. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி வாழைச்சீப்போடு வந்து, கப்பலில் போன புருஷன் திரும்புவாரா என்று கேட்டாள். எனக்கு வாழைப்பழத்தின் மேல்தான் கண். “வருவாரு” என்றேன். அந்த ஆள் வந்து தொலைத்தார்! அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து என் காலடியில் கிடத்தினார்கள். தெருப் பிள்ளைகள் என்னோடு விளையாட வரவில்லை. முதல் வருடம் போய்வந்த பள்ளிக்கூடமும் நின்றது. காய்ச்சல் வரும் பிள்ளை என்று அம்மா இல்லத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

மிஸ்ஸி வந்துகொண்டுதான் இருந்தார். உள்ளங்கையைப் பார்த்தார், பூப்போல இருந்தது. முதுகைப் பார்த்தார், ஒரு கீறல் இல்லை. தலை வாரி, எண்ணெய் பூசி, பூ வைத்திருந்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். பாலும் பழமும் என்றேன். இல்லத்தில் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளை நினைத்திருப்பார்போலும், என் கன்னத்தைக் கிள்ளினார். “கொடுத்து வச்ச பிள்ளைலா நீ” என்றார். தரையில் இழுபட்ட பாவாடையைப் பார்த்து, வளர்கிற பிள்ளைக்குப் பெரிதாகத்தான் எடுக்க வேண்டும் என்று அம்மாவை மெச்சினார்.

அடுப்படி நிலைக்கதவில் சுண்ணாம்புக் கோடு ஒன்று இருந்தது. இறந்துபோன மகளின் உயரம் அது. வெள்ளிதோறும் என்னை அங்கே நிறுத்தி அம்மா பார்ப்பார். ஆரம்பத்தில் கோடு எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. பிறகு நெருங்கியது. நெருங்க நெருங்க அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. பாவாடையும் இடுப்பில் சுருட்டாமலே சரியாக நிற்கத் தொடங்கியது. ஒரு வெள்ளியன்று என் உச்சி கோட்டைத் தொட்டது. அவர் என் தலைமேல் கையை வைத்து, மெதுவாக, ஆனால் விடாமல் அழுத்திக்கொண்டு நின்றார். “போதும் கண்ணு” என்றார். “இதுக்கு மேல வேணாம்.”

அதற்குப் பிறகுதான் சோறு குறைந்தது. திட்டியோ பிடுங்கியோ அல்ல. “சாமிக்கு எதுக்கும்மா இவ்வளவு சோறு? இந்தப் பாலைக் குடி” என்று கெஞ்சுவார். முதலில் மீன் போனது, பிறகு குழம்பு போனது, பிறகு சோறே போனது. சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் பால், இரண்டு துண்டுப் பழம், வெள்ளியன்று ஒரு கை பொங்கல். நான் சாப்பிடாத வேளையில் அவரும் சாப்பிட மாட்டார். பசி ஒரு கட்டத்துக்கு மேல் பசியாகவே தெரியவில்லை. உடம்பு இலேசாகி, தரை கொஞ்சம் தள்ளி இருப்பதுபோல இருந்தது. மத்தியான வெயிலில் முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். கன்னி வருவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பயமே இல்லை. அவள் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேனே, வந்தால் அவள் எங்கே உட்காருவாள் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

அந்த வருடம் தை வெள்ளி கழிந்து, பருவம் தப்பி ஒரு மழை பிடித்துக்கொண்டது. சாக்கடை நிரம்பி ஐந்தடி வரை தண்ணீர். மிஸ்ஸி ரிக்‌ஷாவில் வந்து இறங்கியபோது நான் வாசலில் நின்றிருந்தேன், பாவாடை ஓரம் நனைந்து கனத்துக் கிடந்தது. “சளி பிடிச்சுக்கும் பாப்பா” என்று குனிந்து அதைப் பிழிந்தார். பிழிந்தவர் ஓரத்தைப் புரட்டினார். பிறகு சுற்றிலும் புரட்டிக்கொண்டே வந்தார்.

வளரும் பெண்ணின் பாவாடையை எந்தத் தாயும் அப்படியே தைத்துக் கொடுக்க மாட்டாள். கீழே நாலு விரலாவது உள்ளே மடித்துத் தைக்கச் சொல்வாள். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்துவிட்டால் மறு வருடமும் ஆகும். பிரித்த இடத்தில் சாயம் போகாமல் ஒரு கோடு தெரியும். எங்கள் காலத்துப் பெண்கள் எல்லோரும் அந்தக் கோட்டோடு திரிந்தவர்கள்தான். என் பாவாடையில் மடிப்பு இல்லை. துணி முடிகிற இடத்தில் மெல்லிய ஓரத் தையல், அவ்வளவுதான்.

“என்னம்மா, புதுப் பாவாடையாச்சே, உள்ள மடிச்சுத் தைக்கலையா?” என்று மிஸ்ஸி கேட்டார். “அடுத்த வருஷம் என்ன பண்ணுவீங்க?”

“அடுத்த வருஷமும் இதே அளவுதான் மிஸ்ஸி. தையக்காரருக்கே தெரியும்.”

“பிள்ளை வளருமேம்மா.”

“அவ வளரமாட்டாளே” என்றார் அம்மா. நாளைக்குப் பாசாரில் காய்கறிக் கடை லீவு என்று சொல்வதைப்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

மிஸ்ஸி என் கையை எடுத்தார். இந்தத் தடவை உள்ளங்கையைப் பார்க்கவில்லை. முழங்கைக்கு மேலே விரலால் சுற்றிப் பிடித்தார், விரல்கள் ஒன்றை ஒன்று தொட்டு அதற்கு மேலும் போயின. பெட்டியைக் காட்டச் சொன்னார். அம்மா பெருமையோடு இறக்கிவந்து விரித்தார். பச்சை, அரக்கு, ஊதா, மஞ்சள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஓரம் பிசகாமல் உட்காரும். எல்லாம் ஒரே அளவு.

பிற்காலத்தில் நானும் அந்த வேலைக்கே போனேன். அடிக்கும் வீட்டைக் கண்டுபிடிப்பது எளிது, அரைகுறைக் கண் இருந்தாலே போதும். கும்பிடும் வீட்டில் போய் என்னவென்று குறை சொல்வது? என்னோடு வந்த இளம்பெண்கள், நான் எந்த வீட்டிலும் பாவாடை ஓரத்தைப் புரட்டிப் பார்ப்பதைக் கண்டு தங்களுக்குள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அடுத்த வருடம் இந்தப் பிள்ளை இருக்கும் என்று அந்த வீட்டில் யாராவது நினைத்திருக்கிறார்களா என்பதை எனக்கு வேறு எப்படிப் பார்ப்பது என்று தெரியாது.

மிஸ்ஸி சத்தம் போடவில்லை. “பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்மா” என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை. பெட்டியை அணைத்துக்கொண்டு, “என்னாத்துக்கு? அதுக்கு ஒண்ணும் இல்லையே. சாமிக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?” என்று கேட்டபடி என் முன்னால் வந்து நின்றார். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். போகமாட்டேன் என்று கத்தினேன். நான் உன் மகள்தானேம்மா, சொல்லேன் என்று கத்தினேன். அப்படித்தான் நம்பியும் இருந்தேன்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஐயாவின் குரல் கேட்டது. அந்தக் குரலை நான் சரியாகக் கேட்டதே அன்றுதான்.

“கூட்டிட்டுப் போங்க மிஸ்ஸி” என்றார். “இன்னொரு தடவ தோள்ல தூக்கிட்டுப் போக என்னால ஆகாது.”

மகளைச் சுடுகாட்டுக்கு அவர்தான் தோளில் சுமந்து போனவர். வெளியே வந்து, மனைவியின் இடுப்பிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். என்னைத் தூக்கி, ஐந்தடித் தண்ணீரில் கால் வைத்து, ரிக்‌ஷாவில் உட்கார வைத்தார். நான் கனமே இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், அவர் வாய் கோணிக்கொண்டது. பிறகு திரும்பி உள்ளே போய்விட்டார்.

மிஸ்ஸி என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ரிக்‌ஷாக்காரர் கூடாரத்தை இழுத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். அந்த அம்மா ஐந்தடியின் விளிம்பு வரைக்கும் வந்து மழையில் நின்று ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தயங்கி, கேட்டுப் பழகாத சொல்லைச் சொல்வதுபோலக் கூப்பிட்டார். பிறகு இன்னொரு தடவை, உரக்க, தொண்டை கிழியக் கூப்பிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் போகிற நேரத்தில் வேறு எந்தப் பிள்ளையையோ அழைக்கிறாரே! முகத்தை மிஸ்ஸியின் சேலையில் புதைத்துக்கொண்டேன்.

“பாப்பா, திரும்பிப் பாரு. அவங்க உன்னத்தான் கூப்புடுறாங்க” என்றார் மிஸ்ஸி. “அது உன் பேரு. உன் சொந்த அம்மா வச்ச பேரு.”

நான் எட்டிப் பார்ப்பதற்குள் ரிக்‌ஷா சந்து முனையைத் திரும்பிவிட்டது.